ஒரு திறப்பு, பல சுட்டெண்கள்: யூனிக்ஸ் மரபில் கோப்புச் சுட்டெண் இரட்டிப்பும் உடைமைச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் திறந்த கோப்பு ஒவ்வொன்றையும் நிரல் ஓர் எண்ணால் சுட்டுகிறது. அவ்வெண்ணை இரட்டிப்பதற்கு 1973 முதல் வழி உண்டு. இரட்டித்த எண்களுள் எதனை மூடும் பொறுப்பு யாருடையது என்பதைப் பதிந்துவைக்கும் வழியோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே பரவலாயிற்று. அந்த இடைவெளியில் நேர்ந்த பிழைகளையும் அவற்றுக்குக் காணப்பட்ட தீர்வுகளையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கருத்தை விளக்குதற்குச் சேலம், நாமக்கல் பகுதியின் பட்டா நடைமுறை ஒப்புமையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: யூனிக்ஸ், லினக்ஸ், கோப்புச் சுட்டெண், இரட்டிப்பு, கூட்டுப் பட்டா, உடைமை

முன்னுரை

ஒரு கோப்பைத் திறக்குமாறு கேட்கும் நிரலுக்கு இயக்க அமைப்பு அக்கோப்பையே எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. சிறியதொரு முழு எண்ணைக் கொடுக்கிறது. வழக்கமாக 0 என்பது உள்ளீடு, 1 என்பது வெளியீடு, 2 என்பது பிழைச் செய்தி. அடுத்துத் திறக்கப்படுவது 3 ஆகும். அதன்பின் படித்தல், எழுதுதல், மூடுதல் யாவும் அவ்வெண்ணைச் சொல்லியே நடைபெறுகின்றன. ஃபைல் டிஸ்கிரிப்டர் எனக் கணினியியலார் வழங்கும் இவ்வெண்ணை இக்கட்டுரை கோப்புச் சுட்டெண் என்றும், சுருக்கமாகச் சுட்டெண் என்றும் குறிக்கும். கோப்பு என்பதும் இங்கே விரிந்த பொருளது. விசைப்பலகை, வலையிணைப்பு, இரு நிரல்களை இணைக்கும் குழாய் ஆகிய அனைத்தும் யூனிக்ஸ் பார்வையில் கோப்புகளே.

ஒரே திறப்புக்கு இரண்டாவது சுட்டெண் ஒன்றையும் பெறலாம். அதற்குரிய அமைப்பு அழைப்பின் பெயர் டூப். பார்வைக்கு மிக எளிய செயல் இது. ஆயினும் நிரல்கள் காரணமின்றி உறைந்து நிற்பதற்கும், ஒரு நிரலின் தரவு மற்றொன்றின் கோப்பில் விழுவதற்கும், அடைத்துவைக்கப்பட்ட நிரல் வேலி தாண்டி வெளியேறுவதற்கும் இரட்டித்த சுட்டெண்கள் காரணமாகியுள்ளன. பிழை இரட்டிப்பில் இல்லை. சுட்டெண் தன் உடைமையாளரைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதில்தான் பிழையின் வேர் உள்ளது. கடந்த ஐம்பதாண்டுத் திருத்தங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், உடைமையைப் பற்றிய முடிவு நிரலரின் நினைவிலிருந்து சிறிது சிறிதாக விலகி, சுட்டெண் பிறக்கும் கணத்துக்கும் பின்னர் நிரல்பெயர்ப்பியின் கைக்கும் சென்று சேர்ந்திருப்பது புலனாகும்.

இது தொலைநாட்டு ஆய்வகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. நாமக்கல்லில் சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இயங்குவதும் லினக்ஸ் கெர்னலே. டூப் என்னும் அழைப்பு அவ்விரண்டிலும் உள்ளது.

பட்டாவும் புலமும்: ஓர் ஒப்புமை

கணினியியலுக்குப் புறத்தேயுள்ள ஆய்வாளருக்கு இவ்வமைப்பை விளக்க நிலப்பதிவு நடைமுறை உதவும். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு தலைமையில் மன்றோ, கிரகாம், மக்லௌட் ஆகிய உதவியாளர்கள் நிலங்களை அளந்து உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசினர். சேலமும் நாமக்கல்லும் அடங்கிய தென்பகுதி அன்று தலகாட் எனப்பட்டது. 1802 முதல் மிட்டா ஏற்பாடு இடையிட்ட போதிலும், உழவரைத் தனித்தனியே பதியும் ரயத்துவாரி முறையே இறுதியில் நிலைபெற்றது. இன்றும் நாமக்கல் வட்டத்துச் சிற்றூரில் ஒருவர் ‘என் பட்டா’ என்று சொல்லும்போது மூன்று வேறு பொருள்கள் அச்சொல்லின் பின்னே நிற்கின்றன: அவர் கையிலுள்ள பட்டா எண், வருவாய்த்துறைக் கணக்கில் அவ்வெண்ணுக்குரிய பதிவு, புல எண்ணால் சுட்டப்படும் நிலம்.

யூனிக்ஸிலும் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு செயல்முறைக்கும் தனியே உள்ள சுட்டெண் பட்டியல். இரண்டாவது, கெர்னல் பொதுவில் வைத்திருக்கும் திறப்புப் பதிவு. கோப்பில் அடுத்துப் படிக்கவோ எழுதவோ வேண்டிய இடம் எது என்பது இங்கே குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, கோப்பு. டூப் அழைப்பு முதல் அடுக்கில் மட்டும் புதிய வரி ஒன்றைச் சேர்க்கிறது. இரண்டாம் அடுக்கில் பதிவு ஒன்றே. ஆகவே இரு சுட்டெண்களும் ஒரே எழுத்திடத்தைப் பகிர்கின்றன. ஒன்றின் வழியே நூறு எழுத்துகள் படித்தால் மற்றதும் நூறு எழுத்து முன்னேறியிருக்கும். அண்ணன் தம்பி பெயரில் உள்ள கூட்டுப் பட்டா இத்தகையது. கணக்கில் பதிவு ஒன்றே. அதில் நேரும் மாற்றம் இருவரையும் பற்றும். ஒருவர் பெயரை நீக்கினாலும் பட்டா அழிந்துவிடுவதில்லை, மற்றவர் பெயரில் தொடரும். சுட்டெண் ஒன்றை மூடினாலும் அவ்வாறே. கடைசிச் சுட்டெண்ணும் மூடப்படும் வரை திறப்புப் பதிவு உயிரோடிருக்கும்.

ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புல எண் 45/2 உட்பிரிவு செய்யப்பட்டால் 45/2அ, 45/2ஆ என்று புதிய எண்கள் தோன்றுமேயன்றி, 45/2 என்பது மறுநாளே ஊரின் மறுகோடியிலுள்ள வேறொரு நிலத்துக்குப் போய்விடாது. சுட்டெண் போய்விடும். 5ஆம் எண் மூடப்பட்ட அடுத்த கணத்தில் முற்றிலும் வேறான ஒரு கோப்பு அதே 5ஐப் பெறலாம். பழைய 5ஐ இன்னமும் நினைவில் வைத்திருக்கும் நிரற்பகுதி அந்த மாற்றத்தை அறியாது. மேலும், பட்டாவில் வழக்கு எழுந்தால் விசாரிக்க வட்டாட்சியரும் நீதிமன்றமும் உள்ளனர். 1980களில் நடந்த யு.டி.ஆர். பதிவுகளில் நேர்ந்த பிழைகளுக்கு இன்றளவும் திருத்த மனுக்கள் அளிக்கப்படுகின்றன. தாமதமானாலும் வழி உண்டு. கெர்னலில் அத்தகைய விசாரணை இல்லை. எண்ணைச் சொன்னவர் எவராயினும் அவரே உரியவர்.

எழுத்திடம் யாருடையது?

திறப்புப் பதிவு என்னும் நடு அடுக்கு தொடக்கத்தில் இருக்கவில்லை. அது பிறந்த கதையை டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸின் வளர்ச்சி பற்றிய தம் கட்டுரையில் பதிந்துள்ளார். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ரிச்சியும் பிடிபி-7 என்னும் சிறு கணினியில் யூனிக்ஸை உருவாக்கியபோது, எழுத்திடம் ஒவ்வொரு செயல்முறையின் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் ஃபோர்க் சேர்க்கப்பட்டது. ஒரு செயல்முறை தன்னைப் போன்றதொரு பிள்ளைச் செயல்முறையைத் தோற்றுவிக்கும் அழைப்பு அது. அதற்குத் தேவைப்பட்டவை 27 வரி அசெம்பிளி நிரலே என்கிறார் ரிச்சி.

அந்த 27 வரிகளின் விளைவு எதிர்பாராதது. கட்டளைகள் சில எழுதப்பட்ட கோப்பு ஒன்றை ஷெல்லிடம் கொடுத்து, அவற்றின் வெளியீடு முழுவதையும் ஒரே கோப்பில் சேர்க்கச் சொன்னால், முதற்கட்டளையின் வெளியீட்டுக்குப் பின் இரண்டாம் கட்டளையின் வெளியீடு அமைய வேண்டும். நடந்ததோ வேறு. முதற்பிள்ளை எழுதி முடித்து மறைந்தபோது அது நகர்த்திய எழுத்திடமும் உடன் மறைந்தது. தாய்ச் செயல்முறை எதையும் எழுதாததால் அதன் எழுத்திடம் சுழியிலேயே நின்றது. இரண்டாம் பிள்ளை அச்சுழியைப் பெற்று, முன்னது எழுதியதன் மேலேயே எழுதிற்று. இதனைத் தீர்க்கத்தான் எழுத்திடங்களைச் செயல்முறைகளிடமிருந்து பிரித்துக் கெர்னலின் பொது அட்டவணை ஒன்றில் வைத்தனர்.

பிற்காலத்தில் பகிர்வினால் விளைந்த துன்பங்களை மட்டும் எண்ணுவோர் இந்நிகழ்வை மறந்துவிடுகின்றனர். பகிர்தல் தற்செயலாக நேர்ந்த குறையன்று. பகிராமையால் தரவு அழிந்தது கண்டு வேண்டுமென்றே மேற்கொள்ளப்பட்ட திருத்தம். குழாய்களும் டூப்பும் இந்த நடு அடுக்கின் மேல்தான் எழுப்பப்பட்டன.

டக்ளஸ் மெக்கில்ராய் நெடுநாள் வலியுறுத்திய குழாய்கள் 1973இல் யூனிக்ஸில் இடம்பெற்றன. அவ்வாண்டுக்குரிய மூன்றாம் பதிப்பிலேயே டூப்பும் காணப்படுகிறது. இரண்டும் ஒருசேர வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்க வேண்டுமெனில், குழாயின் முனை 1 அல்லது 0 என்னும் எண்ணில் வந்து அமைய வேண்டும். திறப்போ இரட்டிப்போ எப்போதும் காலியாயுள்ள எண்களுள் மிகச் சிறியதையே தரும் என்பது விதி. எனவே நிரலர் முதலில் 1ஐ மூடுவார், பின் குழாய் முனையை இரட்டிப்பார். காலியான 1 தானாகக் கிடைக்கும். எந்த எண் வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. விதியின் விளைவாக அது வந்துசேர்கிறது.

மூடலும் இரட்டிப்பும் ஒரே கணத்தில்

மூடுதலுக்கும் இரட்டித்தலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உள்ளது. ஒரு செயல்முறைக்குள் ஒரே ஓட்டம் மட்டும் இருந்த காலத்தில் அதனால் பெருந்தீங்கு இல்லை. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு டூப்2 என்னும் அழைப்பை அறிமுகப்படுத்தியது. எந்த எண் வேண்டும் என்பதை இதில் வெளிப்படையாகச் சொல்லலாம். அவ்வெண்ணில் முன்பே ஏதேனும் திறந்திருந்தால் அது மூடப்பட்டுப் புதியது வைக்கப்படும். பல இழைகள் ஒரே செயல்முறைக்குள் ஒருங்கே ஓடும் நிரல்கள் பெருகியபோதுதான் டூப்2இன் முழு மதிப்பு விளங்கிற்று. மூடிவிட்டுப் பின் இரட்டிக்கும் பழைய முறையில், இடைப்பட்ட நொடித்துளியில் மற்றோர் இழை வேறொரு கோப்பைத் திறந்தால் அக்கோப்பு 1ஆம் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். டூப்2 அந்த இடைவெளியை அடைத்தது.

ஆயினும் டூப்2 அமைதியாகச் செய்யும் மூடலில் இரண்டு வழுக்கல்கள் உள்ளன. முதலாவது, பழைய கோப்பு மூடப்படும்போது எழும் பிழை நிரலுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. வலைவழிக் கோப்பகங்களில் ‘எழுத முடியவில்லை’ என்னும் செய்தி சில வேளைகளில் மூடும்போதுதான் கிடைக்கும். அது தொலைந்தால் தரவு சேமிக்கப்பட்டதாகவே நிரல் கருதிவிடும். லினக்ஸ் கையேடு இதற்குக் கூறும் மாற்று கவனிக்கத்தக்கது: அழியப்போகும் சுட்டெண்ணை முதலில் இரட்டித்து வைத்துக்கொண்டு, டூப்2ஐ நிகழ்த்தி, பின் அந்த இரட்டையைத் தனியே மூடி விடையைப் பார்க்க வேண்டும். இரட்டிப்பின் தீங்குக்கு இரட்டிப்பே மருந்தாகிறது.

இரண்டாவது வழுக்கல் நுட்பமானது. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாகவே இருந்தால் டூப்2 எதுவும் செய்யாமல் அதே எண்ணைத் திருப்பித் தரும். 0, 1, 2 ஆகியவை முன்னரே மூடப்பட்ட நிலையில் ஒரு நிரல் தொடங்கப்பட்டால், அது திறக்கும் கோப்பே 1ஆம் எண்ணைப் பெறக்கூடும். அந்நிலையில் ‘1இல் இரட்டி, பின் பழையதை மூடு’ என்று வழக்கம்போல் எழுதப்பட்ட இரு வரிகள், வைத்ததையே மூடிவிடும். இதே வாயிலைத் தாக்குநர்களும் பயன்படுத்தினர். சிறப்புரிமை பெற்ற நிரலொன்றை 2ஆம் எண் இல்லாமல் தொடங்கிவைத்தால், அது அடுத்துத் திறக்கும் முதன்மையான கோப்பு அவ்வெண்ணைப் பெற்று, பிழைச் செய்திகள் யாவும் அக்கோப்பினுள் எழுதப்படலாம். இதனால்தான் பல அமைப்புகள் அத்தகைய நிரல்களைத் தொடங்குமுன் காலியாயுள்ள முதல் மூன்று எண்களை வெற்றுக் கோப்பால் நிரப்பிவிடுகின்றன.

பிள்ளைக்குச் சேரும் சொத்து

ஃபோர்க் நிகழும்போது பெற்றோரின் சுட்டெண்கள் அனைத்தும் பிள்ளைக்கும் சேர்கின்றன. பெயர் வேறானாலும் இதுவும் இரட்டிப்பே. முதல் அடுக்கு பெருகுகிறது, நடு அடுக்கு பகிரப்படுகிறது. பின்னர் எக்ஸெக் என்னும் அழைப்பினால் பிள்ளை முற்றிலும் புதியதொரு நிரலாக உருமாறினாலும் அவை அதனிடம் நீங்காமல் நிற்கும். கேட்காமலே வாரிசுரிமை கிடைக்கிறது; வேண்டாதவர் கைக்கும் கிடைக்கிறது. இதன் மிக எளிய தீங்கு, குழாய் வழியே படிக்கும் நிரல் உறைந்து நிற்பது. எழுதும் முனையின் சுட்டெண்கள் அனைத்தும் மூடப்பட்டால்தான் படிக்கும் நிரல் ‘முடிந்தது’ என்பதை அறியும். தொடர்பற்ற பிள்ளை ஒன்று அம்முனையின் இரட்டையைத் தன்னையறியாமல் ஏந்தியிருந்தால், அது உயிரோடிருக்கும்வரை படிப்பவர் காத்திருக்க வேண்டியதே.

இதற்குரிய காப்பும் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. ஒரு சுட்டெண்ணின் மேல் ‘எக்ஸெக்கின்போது மூடு’ என்னும் கொடியை ஏற்றிவைக்கலாம். ஆனால் இதில் இரு குறைகள் தங்கின. ஒன்று, அக்கொடி திறப்புப் பதிவைச் சார்ந்ததன்று, சுட்டெண்ணைச் சார்ந்தது. கொடியேற்றிய சுட்டெண்ணை டூப்பால் இரட்டித்தால் புதியது கொடியின்றியே பிறக்கும். காவலிடப்பட்ட கதவுக்கு மாற்றுச் சாவி செய்யும்போது காவல் அதனுடன் வருவதில்லை. மற்றது, திறத்தலும் கொடியேற்றலும் இரு தனிச் செயல்கள். ஓரிழை திறந்து இன்னும் கொடியேற்றாத கணத்தில் மற்றோர் இழை ஃபோர்க்கும் எக்ஸெக்கும் செய்துவிட்டால் சுட்டெண் வெளியே கசிந்துவிடும். எத்துணை விழிப்புள்ள நிரலராலும் இதனைத் தம் நிரலுக்குள் இருந்துகொண்டு முழுமையாகத் தடுக்க இயலாது. தம் செயல்முறைக்குள் பிறர் எழுதிய நூலகம் எப்போது ஃபோர்க் செய்யும் என்பதை அவர் அறியார்.

லினக்ஸ் இக்குறையை ஓராண்டு இடைவெளிக்குள் நீக்கிற்று. 2007இல் வெளியான 2.6.23ஆம் பதிப்பில் திறக்கும்போதே கொடியேற்றும் வசதி வந்தது. அடுத்த பதிப்பில் இரட்டிக்கும்போதே கொடியேற்றும் வசதியும், 2008 அக்டோபரில் வெளியான 2.6.27ஆம் பதிப்பில் டூப்3 என்னும் புதிய அழைப்பும் வந்தன. இவற்றை முன்னின்று செய்தவருள் உல்ரிச் ட்ரெப்பர் முதன்மையானவர். டூப்3 பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாயிருந்தால் பிழையென்று மறுக்கிறது; டூப்2 மௌனமாக விட்ட இடத்தில் இது பேசுகிறது. ஏழாம் பதிப்பு முதல் இதுவரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். கொடி இருந்தும் அதனை ஏற்றும் காலம் தவறியிருந்தது என்பதை உணர அத்தனை காலம் ஆயிற்று. இழைகள் பரவலாவதற்கு முன் அக்குறை பெரும்பாலும் வெளித்தெரியவில்லை என்பதே அதற்குரிய நேர்மையான விளக்கமாகும்.

ஒன்றை மூடினால் மற்றதன் பூட்டும் போவது

பதிவுப் பூட்டுகளின் வரலாறு இத்தொடரில் தனித்து நிற்கும் வினோதம். ஒரு கோப்பின் பகுதியை ஒரு செயல்முறை பூட்டிக்கொள்ள 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரநிலை வகுத்த விதியின்படி, பூட்டு சுட்டெண்ணுக்கும் உரியதன்று, திறப்புப் பதிவுக்கும் உரியதன்று; செயல்முறைக்கும் கோப்புக்கும் இடையேயானது. அச்செயல்முறை அக்கோப்பைச் சுட்டும் ஏதேனும் ஒரு சுட்டெண்ணை மூடினால் போதும், பூட்டுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும். இரட்டித்த சுட்டெண்ணே ஆக வேண்டுமென்பதில்லை. வேறெங்கோ ஒரு நூலகம் அதே கோப்பைத் திறந்து பார்த்து மூடினாலும் விளைவு இதுவே. பிஎஸ்டி அமைப்புகளின் கையேடு இவ்விதியை வெளிப்படையாக இகழ்ந்துரைத்துள்ளது. கையேடுகளில் காணற்கரிய கடுமை அது. எஸ்கியூலைட் தரவுத்தள நூலகம் இவ்விதிக்கு அஞ்சி, பூட்டுகள் நிலுவையில் உள்ளவரை சுட்டெண்களை மூடாமல் ஒத்திவைக்கிறது. லினக்ஸ் 2014இல், 3.15ஆம் பதிப்பில், திறப்புப் பதிவோடு பிணைந்த பூட்டுகளைக் கொண்டுவந்தது. அவை இரட்டித்த சுட்டெண்கள் அனைத்துக்கும் பொது. கடைசியானது மூடப்படும்போதே அவிழும்.

எந்த அடுக்குக்கு எது உரியது என்னும் வினா இங்கே வெளிப்படையாகத் தோன்றுகிறது. எழுத்திடம் நடு அடுக்கைச் சேர்ந்தது. மூடு கொடி முதல் அடுக்கைச் சேர்ந்தது. பழைய பூட்டு இரண்டையும் சேராமல் வழுவியது. லினக்ஸின் ஈபோல் வசதியில் சுட்டெண்ணைப் பதிந்து பின் மூடிவிட்டாலும், அதன் இரட்டை எங்கேனும் திறந்திருந்தால் நிகழ்வறிவிப்புகள் வந்துகொண்டே இருப்பதும் இத்தகைய அடுக்கு மயக்கமே.

உடைமையை எழுதிவைத்தல்

மேற்கூறிய திருத்தங்கள் யாவும் கெர்னலில் நிகழ்ந்தவை. சுட்டெண் யாருடையது என்னும் வினாவை அவை நேரே எதிர்கொள்ளவில்லை. அதனை எதிர்கொண்டவை மொழிகளும் நூலகங்களும்.

விக்டர் ஸ்டின்னர் 2013இல் முன்மொழிந்த திட்டத்தின்படி, 2014 மார்ச்சில் வெளியான பைத்தான் 3.4இல், நிரல் உருவாக்கும் சுட்டெண்கள் இயல்பாகவே பிள்ளைக்குச் சேராதவையாக ஆக்கப்பட்டன. வேண்டுமென்று கேட்டால்தான் சேரும். யூனிக்ஸின் இயல்பு தலைகீழாக்கப்பட்டது எனலாம். ஆனால் டூப்2இன் பைத்தான் வடிவம் மட்டும் விலக்கு. உள்ளீடு, வெளியீட்டைப் பிள்ளைக்கு அமைத்துக் கொடுப்பதே அதன் பெரும்பயன் என்பதால், அது தரும் சுட்டெண் இயல்பாகவே சேரும்.

ஆண்ட்ராய்டு வேறு வழியை நாடிற்று. 2019இல் வெளியான அதன் 10ஆம் பதிப்பில் எஃப்டிசான் என்னும் காவல் அமைந்தது. சுட்டெண் ஒவ்வொன்றுக்கும் 64 பிட் அடையாளக் குறியொன்று வைக்கப்பட்டு, அதில் உடைமையாளர் யார் என்பது பொறிக்கப்படுகிறது. மூட வருபவர் தம் குறியைக் காட்ட வேண்டும், பொருந்தாவிட்டால் எச்சரிக்கை. 11ஆம் பதிப்பு முதல் எச்சரிக்கையோடு நிற்காமல் நிரலையே நிறுத்திவிடும். மூடிய எண்ணையே மறுமுறை மூடும் பிழையைப் பிடிப்பது இதன் முதன்மை நோக்கம். முன்னர்க் காட்டியபடி, மூடிய எண் உடனே வேறொருவர்க்குப் போய்விடுவதால், இரண்டாம் முறை மூடுபவர் தமதல்லாத கோப்பை மூடுகிறார். அதன் தீங்கு வேறிடத்தில், வேறு நேரத்தில் தோன்றும். தேடிக் காண்பது கடினம். மூடும் அழைப்பு இடையில் தடைப்பட்டு மீண்டால் மறுபடி மூடலாமா என்பதிலும் இதே அபாயம் உண்டு. லினக்ஸில் அப்போதே எண் விடுவிக்கப்பட்டுவிடும், ஆதலால் மறுமுறை மூடலாகாது.

ரஸ்ட் மொழி இப்பொறுப்பை நிரல்பெயர்ப்பியிடம் ஒப்படைத்தது. டான் கோமன் முன்வைத்த உள்ளீடு-வெளியீட்டுப் பாதுகாப்பு முன்மொழிவு 2022 ஆகஸ்டில், 1.63ஆம் பதிப்பில், நிலைபெற்றது. அதன்படி வெறும் எண் வேறு, உடைமைச் சுட்டெண் வேறு, இரவல் சுட்டெண் வேறு. உடைமைச் சுட்டெண் ஒருவரிடமே இருக்கும். அவர் எல்லை முடியும்போது தானாக மூடப்படும். இரவல் பெற்றவர் மூட முயன்றால், அல்லது உடையவர் மறைந்த பின்னும் வைத்திருந்தால், நிரல் பெயர்க்கப்படவே மாட்டாது. இரட்டிப்பு தடை செய்யப்படவில்லை. இரட்டித்தால் தனி உடைமையுள்ள புதியதொரு சுட்டெண் பிறக்கும். பிறக்கும்போதே மூடு கொடியேற்றப்பட்டிருக்கும். எண்ணும் 3க்குக் குறையாமல் கேட்டுப் பெறப்படும். 0, 1, 2 ஆகிய எண்களில் தவறி விழும் பழைய வாயிலும் இதனால் அடைபட்டது. ஐம்பதாண்டுப் பாடங்கள் ஒரு சிறு செயற்கூறுக்குள் அடங்கியிருப்பதை இங்கே காணலாம்.

வேலிக்கு வெளியே ஒரு சுட்டெண்

இத்தனை காப்புகள் வந்த பின்னும் கசிவு நேர்ந்தது. டாக்கர் முதலிய கலன்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்னும் கருவியில் இருந்த ஓட்டை 2024 ஜனவரி 31 அன்று வெளியிடப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர் ஸ்னைக் நிறுவன ஆய்வாளர் ரோரி மெக்நமாரா. கலன் என்பது ஒரு நிரலுக்குத் தன் கோப்பகமே உலகமென்று தோன்றுமாறு வேலியிட்டு இயக்கும் முறை. வேலி கட்டும் ரன்சி, வேலிக்கு வெளியேயுள்ள கோப்பகம் ஒன்றைத் தன் தேவைக்காகத் திறந்திருந்தது. அச்சுட்டெண் உரிய நேரத்தில் மூடப்படாமல், கலனின் தொடக்கச் செயல்முறைக்கு வாரிசாகச் சேர்ந்துவிட்டது. கலனின் பணிக் கோப்பகம் எது என்று கேட்கும் இடத்தில், ‘என் ஏழாம் சுட்டெண் காட்டும் இடம்’ என்னும் பொருள்பட ஒரு பாதையைத் தாக்குநர் எழுதிவைத்தால், நிரல் வேலிக்கு வெளியிலேயே கண்விழிக்கும். கடவுச்சொல் எதுவும் உடைக்கப்படவில்லை. உரிமைச் சோதனை எதுவும் மீறப்படவுமில்லை. திறக்கும் உரிமை உடையவர் முறைப்படி திறந்த சுட்டெண்தான் அது.

ரன்சியின் 1.1.12ஆம் பதிப்பில் இதற்கு ஒன்றல்ல, பல தடைகள் வைக்கப்பட்டன. கசிந்த சுட்டெண்ணுக்கு மூடு கொடி ஏற்றப்பட்டது. இறுதி எக்ஸெக்குக்கு முன் உள்ளகச் சுட்டெண்கள் யாவும் மூடப்படுகின்றன. பணிக் கோப்பகம் கலனுக்குள்ளேதான் உள்ளதா என்பதும் சோதிக்கப்படுகிறது. ஒரு தடையை நிரலர் மறந்தாலும் மற்றது நிற்கும் என்பது கருத்து. ரன்சி எழுதப்பட்ட கோ மொழியின் நூலகம் கோப்புகளைத் திறக்கும்போது தானாகவே மூடு கொடியை ஏற்றுவது. அதனைச் சாராமல் கெர்னலை நேரே அழைக்கும் இடங்களில் அப்பாதுகாப்பு கிட்டாது. அமைப்பு மென்பொருளில் அத்தகைய இடங்கள் தவிர்க்க முடியாதவை.

‘நகல்’ என்னும் சொல்

டூப் அழைப்பைத் தமிழில் விளக்குவோர் நகல் என்னும் சொல்லை எளிதில் கையாள்வர். அச்சொல் இவ்விடத்தில் பொருந்தாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் சான்றிட்ட நகலுக்கு அசல் என ஒன்று தனியே உண்டு; நகல் கிழிந்தால் அசலுக்குக் கேடில்லை, நகலில் திருத்தினால் அசல் திருந்துவதுமில்லை. டூப் தரும் சுட்டெண்ணுக்கும் பழையதற்கும் இடையே அசல், நகல் என்னும் வேறுபாடே இல்லை. எது முதலில் பிறந்தது என்பதைக் கெர்னல் நினைவில் கொள்வதில்லை. முதலாவதை மூடிவிட்டு இரண்டாவதைக் கொண்டே காலமெல்லாம் எழுதலாம். நகல் என்ற சொல்லால் கற்கும் மாணவர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும்: இரண்டும் தனித்தனியே படித்துச் செல்லும் என்பது ஒன்று, அசலை மூடினால் நகலும் செல்லாததாகிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது எழுத்திடத்தைப் பற்றிய பிழை. இரண்டாவது, மூடாமல் விடப்பட்ட இரட்டைகள் கசிவதற்கு நேரடிக் காரணமாகும் பிழை.

இணைச் சுட்டெண் என்பது இவ்வுறவுக்கு நெருக்கமானது. கூட்டு என்னும் முன்னொட்டு பட்டா வழக்கில் சேலம், நாமக்கல் மாணவர்க்கு முன்பே அறிமுகமானது என்பதால் கூட்டுச் சுட்டெண் எனலும் ஆகும். திறப்புப் பதிவு என இக்கட்டுரை வழங்கிய நடு அடுக்குக்கும் தமிழில் தனிச்சொல் தேவைப்படுகிறது. போசிக்ஸ் தரநிலை அதற்கும் சுட்டெண்ணுக்கும் ஆங்கிலத்தில் வைத்துள்ள பெயர்கள் ஓரிரு எழுத்துகளே வேறுபட்டு, கற்பவரை அம்மொழியிலேயே மயக்குகின்றன. தமிழில் அவ்விரண்டையும் முற்றிலும் வேறு சொற்களால் குறிப்பதற்குத் தடையேதுமில்லை. 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் பதிப்பு டூப்3ஐத் தரநிலைக்குள் சேர்த்துக்கொண்டது. லினக்ஸில் அது தோன்றிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. டூப்பும் டூப்2உம் அதே தரநிலையில் இன்னும் அப்படியே உள்ளன. ஐம்பதாண்டு நிரல்கள் அவற்றை நம்பியிருப்பதால் நீக்கவும் இயலாது.